மழைச் செய்தியும் வலைப்பதிவும்: செய்தி மேசையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

வலைப்பதிவுகளும் இணையமும் செய்தித்தொழிலை எப்படி மாற்றின என்று பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அரசியல் செய்திகளைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். தமிழ் நாளிதழ் ஒன்றில் நிருபராகச் சேர்ந்து, பின்னர் அதன் இணையப் பிரிவுக்கு மாறிய எனக்கு, அந்த மாற்றம் துலக்கமாகத் தெரிந்தது மழைச் செய்தியில்தான். அரசியலில் யார் சொன்னது சரி என்ற வழக்கு தேர்தல் முடிந்த பிறகும் தீராது. மழை பெய்ததா, எவ்வளவு பெய்தது என்பதோ மறுநாள் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்தால் தெரிந்துவிடும். முந்திச் சொன்னவர் யார், சரியாகச் சொன்னவர் யார், சொன்னதற்குக் காரணம் காட்டியவர் யார் என்று அளந்து பார்க்க மழையைப் போல் வசதியான துறை வேறு இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலங்களில் செய்தி மேசையில் நான் கண்டதையும், இப்போது புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லித் தருவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மழைச் செய்திக்கு ஒரே வாசல்தான் இருந்தது. சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை ஃபேக்ஸில் வரும். ‘வடதமிழகக் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்ற அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் நான்கு வரி சேர்த்து, மாவட்ட நிருபர்கள் தொலைபேசியில் சொல்லும் மழையளவுகளை அடுக்கினால் செய்தி முடிந்தது. வெளியூர்ப் பதிப்பு மாலையே அச்சுக்குப் போய்விடும் என்பதால், சென்னையில் மாலை ஐந்து மணி நிலவரப்படி எழுதிய வானிலையைத் திருநெல்வேலிக்காரர் மறுநாள் காலை ஏழு மணிக்குப் படிப்பார். அதைச் சரிபார்க்க அவருக்கு வானத்தைத் தவிர வேறு வழி கிடையாது. வானிலை அதிகாரி எஸ்.ஆர்.ரமணன் தொலைக்காட்சியில் வந்து பேசினால் மறுநாள் விடுமுறை என்று பள்ளிப் பிள்ளைகள் நம்பிய காலமும் அதுதான். அறிவிப்பவர் ஒருவர், அதை ஊருக்குக் கொண்டுசேர்ப்பவர்கள் நாங்கள், கேட்டுக்கொள்பவர்கள் மற்ற எல்லோரும் என்ற ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஏற்பாட்டில் முதல் விரிசல் விழுந்தது 2004 டிசம்பர் 26 அன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை கடற்கரையைத் தாக்கியது; அச்சில் முழு விவரம் வர திங்கள்கிழமை ஆயிற்று. அதற்குள் தன்னார்வலர்கள் சிலர் கூடித் தென்கிழக்காசிய நிலநடுக்கம், ஆழிப்பேரலை குறித்து ஆங்கிலத்தில் ஒரு கூட்டு வலைப்பதிவைத் தொடங்கியிருந்தார்கள். உதவி எண்கள், காணாமல் போனவர்கள் குறித்த விசாரிப்புகள், எந்த ஊருக்கு என்ன தேவை என்ற குறிப்புகள் அதில் வந்துகொண்டே இருந்தன. அங்கே செய்தி என்பது முடித்துக் கட்டிய கட்டுரையாக இருக்கவில்லை. நேரம் குறித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட துண்டுகளாக இருந்தது. இன்று எல்லாச் செய்தித் தளங்களிலும் ‘லைவ்’ என்ற பெயரில் ஓடுகிற வடிவத்தின் மூதாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழில் இந்த மாற்றத்துக்குள் இன்னொரு கதை இருக்கிறது, எழுத்துருக்களின் கதை. அந்தக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளின் இணையதளங்களில் பலவும் தத்தமக்கென்று தனி எழுத்துரு வைத்திருந்தன. அந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளாதவருக்குப் பக்கம் முழுவதும் கோழி கிறுக்கியதாகத்தான் தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு என்னவென்றால், தேடுபொறிக்கு அந்தப் பக்கங்களில் இருந்தது தமிழ் என்றே தெரியாது. தமிழ் வலைப்பதிவர்களோ இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொண்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் எழுதினார்கள்; 2004இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டித் தளம் அவர்களுடைய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டியது. விளைவாக, கடலூரில் வெள்ளம் என்று ஒருவர் தமிழில் தட்டித் தேடினால் அங்கே வசிக்கும் யாரோ ஒரு பதிவர் எழுதிய பத்து வரி முதலில் வந்து நிற்கும். அதே ஊரில் முழுநேர நிருபரும் பகுதிநேர நிருபர்களும் வைத்திருந்த நாளிதழின் பக்கம் எங்குமே தென்படாது. பத்திரிகைகளைப் பதிவர்கள் வென்றது எழுத்துத் திறமையால் என்று சொல்பவர்கள் உண்டு. என் கணக்கில் பாதி வெற்றி யூனிகோடுக்குச் சேர வேண்டியது.

மழைக்கு வருவோம். வானிலை ஆர்வலர்கள் சிலர் ஆங்கிலத்தில் வலைப்பதிவு தொடங்கி, செயற்கைக்கோள் படங்களையும் ரேடார் படங்களையும் வானிலையைக் கணிக்கும் பல நாடுகளின் கணினி மாதிரிகளையும் போட்டு விளக்கியபோது, எங்கள் செய்தி மேசையில் அதைப் பொழுதுபோக்காகத்தான் பார்த்தார்கள். “வேலை வெட்டி இல்லாதவங்க எழுதுறது தம்பி, இதையெல்லாம் செய்தின்னு கொண்டு வராதே” என்று எங்கள் மூத்த உதவி ஆசிரியர் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. புயல் எச்சரிக்கை விடும் பொறுப்பு இந்திய வானிலைத் துறைக்கு மட்டுமே உரியது. அந்த எச்சரிக்கையை நம்பித்தான் மீனவர் கடலுக்குப் போகாமல் இருக்கிறார், ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார். ஆளுக்கொரு கணிப்பு சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

ஆனால் வாசகர்கள் அந்தப் பதிவுகளை நாடிப் போனதற்கு வேகம் காரணமில்லை என்பதைப் படிக்கப் படிக்கத்தான் புரிந்துகொண்டேன். அவர்கள் மூன்று காரியங்களைச் செய்தார்கள். நாங்கள் அவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. மழை வரும் என்றால் ஏன் வரும் என்று படத்தைக் காட்டிச் சொன்னார்கள். ஐயம் இருந்தால் எந்தக் கணினி மாதிரி ஒன்றைச் சொல்கிறது, எது மாற்றிச் சொல்கிறது என்று ஐயத்தையும் எழுதினார்கள். மழை ஓய்ந்த மறுநாள் திரும்பி வந்து, தாங்கள் சொன்னது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று கணக்குப் பார்த்தார்கள். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்று அறியப்படும் பிரதீப் ஜான் தொழில்முறை வானிலையாளர் அல்லர். வேறு வேலையில் இருந்துகொண்டு ஆர்வத்தால் எழுதியவர். லட்சக்கணக்கானவர்கள் அவரைப் பின்தொடரக் காரணம், எங்கள் பத்திரிகையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று வந்ததை அவர் தாம்பரமா, எண்ணூரா, இன்னும் இரண்டு மணி நேரத்திலா, நள்ளிரவிலா என்று வாசகரின் தெருவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததுதான். அதே பத்திரிகைகள் சில ஆண்டுகளில் அவரையே மேற்கோள் காட்டி எழுதத் தொடங்கின. இதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு: முதலில் ஏளனம் செய்தோம், பிறகு அப்படியே எடுத்துப் போட்டோம், நடுவில் செய்திருக்க வேண்டிய வேலை, அதாவது அவர்கள் படிக்கும் தரவை நாமும் படிக்கக் கற்றுக்கொள்வது, பல அலுவலகங்களில் இன்றுவரை நடக்கவில்லை.

சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பர் 1ஆம் தேதி எல்லோருக்கும் நினைவிருக்கும். மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ ஆங்கில நாளிதழே டிசம்பர் 2 அன்று சென்னைப் பதிப்பை வெளியிட முடியவில்லை. மறைமலைநகரிலிருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாத நிலை. அச்சு நின்ற நாளில் செய்தி நிற்கவில்லை. யாரோ இணையத்தில் தொடங்கிய பகிர்வு அட்டவணையில் வீட்டு மாடியைத் தங்கக் கொடுப்பவர்கள், உணவு சமைப்பவர்கள், படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பெயரும் எண்ணும் எழுதிக்கொண்டே போனார்கள். எந்தச் செய்தியறையும் அப்படி ஒரு பட்டியலை ஓர் இரவில் தயாரித்திருக்க முடியாது.

அந்த வெள்ள நாட்களில்தான் முதலை வதந்தியும் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் நீந்துவதாக வாட்ஸ்அப்பில் பரவியது. பண்ணை நிர்வாகம் மறுத்த பிறகும் பரவல் நிற்கவில்லை. சென்னையில் இன்னும் பயங்கரமாக மழை கொட்டப்போகிறது என்று நாசா எச்சரித்ததாக ஒரு செய்தியும் வலம் வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது நிலைகுலைந்து நிற்பவரிடம் ‘ஆதாரம் என்ன’ என்று கேட்டுப் பிறகு நம்புங்கள் என்று சொல்வது நடக்கிற காரியமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் இருக்கிறோம். முன்பு ஊருக்குச் செய்தியைக் கொண்டுபோவது எங்கள் வேலையாக இருந்தது. அந்த வாரத்தில் ஊரே எங்கள் மேசைக்குச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தது. அதைச் சலித்தெடுப்பது எங்கள் வேலையாயிற்று.

உதவிக் கோரிக்கைகளைப் பகிர்வதில் அப்போது கண்டது என் மனத்தில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. ‘முதல் மாடியில் வயதான தம்பதி, மருந்து இல்லை, தொடர்புக்கு…’ என்று ஒரு முகவரி வந்தது. எங்கள் நிருபர் அந்த எண்ணை அழைத்தார். “அவங்கள முந்தாநாளே கூட்டிட்டுப் போயிட்டாங்க சார். ஆனா போன் மட்டும் நிக்கவே மாட்டேங்குது. வெளியூர்லேருந்தெல்லாம் கூப்பிடுறாங்க, சார்ஜ் போட வழியில்ல” என்று மறுமுனையில் இருந்தவர் நொந்துபோய்ச் சொன்னார். கோரிக்கை தீர்ந்த பிறகும் அதைச் சுமந்த செய்தி இறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நம்பிப் படகு எடுத்துக்கொண்டு போனவர்கள் வேறு யாரையோ காப்பாற்றியிருக்கக்கூடிய நேரத்தை இழந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. தனியாரின் கைபேசி எண் உள்ள எந்தக் கோரிக்கையையும் அழைத்துப் பேசாமல் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் நாளும் மணியும் சேர்த்தே வெளியிடுகிறோம். தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எண்ணை நீக்கிவிட்டுத் ‘தீர்ந்தது’ என்று அதே இடத்தில் எழுதுகிறோம். பதிவையே நீக்கிவிட்டால் மற்றவர்கள் எடுத்துவைத்த திரைப்பிடிப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். தீர்ந்தது என்ற பதிவு இருந்தால் தேடி வருபவருக்காவது உண்மை தெரியும். பொதுமக்களுக்கு எண் தர வேண்டுமென்றால் மாநகராட்சியின் 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகியவற்றை முதலில் தருவதே நல்லது.

படங்களையும் காணொளிகளையும் சோதிப்பது பற்றிப் பயிற்சி வகுப்புகளில் நிறையச் சொல்கிறார்கள். மென்பொருள்களின் பெயர்களை நீளமாக அடுக்குவார்கள். என் அனுபவத்தில் கண்ணும் தொலைபேசியும் செய்கிற வேலையில் பாதியைக்கூட அவை செய்வதில்லை. 2024இல் புதுச்சேரியில் பெருமழை கொட்டிய ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த ஆண்டின் பருவமழையில் ஒரு காணொளி வந்தது. இரண்டு சுற்றுச்சுவர்களுக்கு நடுவே பழுப்புநிறத் தண்ணீர் பாய, வெள்ளைக் கார் ஒன்று பக்கவாட்டில் மிதந்து போகிறது. ‘முடிச்சூர், இப்போது’ என்று தலைப்பு. முடிச்சூர் 2015இல் மூழ்கிய ஊர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. வாட்ஸ்அப் வழியாக வந்ததால் எப்போது எடுத்தது என்ற உள்விவரம் எதுவும் அதில் மிஞ்சியிருக்கவில்லை. காணொளியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம். கார் திரும்பும் இடத்தில், பாதி மறைந்த மருந்துக்கடைப் பலகையில் தொலைபேசி எண் 0413 என்று தொடங்கியது. சென்னையின் எண் 044, 0413 புதுச்சேரியினுடையது. அதன்பிறகு முடிச்சூரில் தெரிந்த ஒருவரை அழைத்தோம். “முட்டிக்கால் தண்ணிதான் சார் நிக்குது. கார் மிதக்கிற அளவுக்கெல்லாம் இன்னும் வரல” என்றார். முந்தைய ஆண்டு புதுச்சேரியில் எடுத்த காணொளி புதுத் தலைப்போடு திரும்பி வந்திருக்கிறது. இதற்குச் செலவான நேரம் பத்து நிமிடத்துக்கு உள்ளேதான் இருக்கும்; அந்த நேரத்துக்குள் போட்டித் தளங்கள் இரண்டு அதை முகப்பில் ஏற்றிவிட்டன என்பதும் உண்மை.

ஆகவே புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பலகைகளைப் படியுங்கள். கடைப்பலகையின் தொலைபேசிக் குறியீடு, ஆட்டோவின் பதிவெண், பேருந்தின் நிறமும் தட எண்ணும், சுவரொட்டியில் இருக்கும் தேதியும் தலைவரின் படமும் ஊரையும் ஆண்டையும் சொல்லிவிடும். அனுப்பியவரிடம் ‘இது நீங்களே எடுத்ததா’ என்று கேளுங்கள். ஆம் என்றால் ‘அதே இடத்தில் நின்று இடப்பக்கம் திரும்பி இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். நிஜமாக அங்கே இருப்பவர் அரை நிமிடத்தில் அனுப்புவார். ஆனால் தண்ணீருக்குள் இறங்கியோ மின்கம்பத்துக்குப் பக்கத்தில் போயோ எடுக்க வேண்டிய படத்தை எந்த வாசகரிடமும் கேட்காதீர்கள். படத்துக்கு அனுமதி வாங்குங்கள். பெயர் போட வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘இணையத்தில் எடுத்தது’ என்று படத்தின் கீழே போடுவது நன்றி சொல்வதும் ஆகாது, ஆதாரம் காட்டுவதும் ஆகாது.

வானிலை மொழி குறித்து 2018 அக்டோபர் நல்ல பாடம் கற்பித்தது. அக்டோபர் 7ஆம் தேதிக்குத் தமிழ்நாட்டுக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று வானிலைத் துறை முன்கூட்டி அறிவித்ததும் எல்லாத் தளங்களிலும் ‘ரெட் அலர்ட்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் பெரிதாக நின்றன. எங்கள் தெருக் கடையில் மெழுகுவத்தியும் பால் பாக்கெட்டும் தீர்ந்துபோயின. நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதற்கான நிறம் சிவப்பு. ஓரிரு இடங்களில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்பது அதன் பின்னுள்ள மழைக்கணக்கு. மாநிலம் முழுவதும் மூழ்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது. அந்த எச்சரிக்கையின்போது அரபிக்கடலில் உருவான புயல் சின்னம் பின்னர் லூபன் புயலாகி ஏமன் பக்கம் போய்விட்டது. அறிவிப்பில் பிழை ஏதும் இல்லை. அதைத் தலைப்பாக மாற்றிய விதத்தில்தான் பிழை இருந்தது. அச்சுக் காலத்தில் அந்தத் தலைப்பின் கீழே இருந்த செய்தியையும் வாசகர் ஓரளவு படிப்பார். கைபேசி அறிவிப்பாகப் போகும்போது தலைப்பு மட்டுமே செய்தி. எனவே நிறத்தைத் தலைப்பில் போட்டால் எந்த மாவட்டம், எந்த நாள் என்ற இரண்டையும் தலைப்பிலேயே போட வேண்டும் என்று எங்கள் பிரிவில் விதி வைத்தோம்.

அளவுகளை எழுதுவதிலும் கவனம் தேவை. 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை என்று வரையறை இருக்கிறது; தலைப்பு எடுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக 8 சென்டிமீட்டரை அதி கனமழையாக்கக் கூடாது. வானிலைத் துறையின் ஒருநாள் மழை என்பது முந்தைய நாள் காலை எட்டரை முதல் அன்று காலை எட்டரை வரை. டிசம்பர் 2ஆம் தேதிக் கணக்கில் வரும் மழையின் பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று பெய்தது. இதைச் சொல்லாமல் எழுதினால் வாசகர் தம் நினைவோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பத்திரிகை பொய் சொல்கிறது என்பார். ரேடார் படத்தில் குறித்திருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் நம் நேரம் வரும். இதைக் கவனிக்காமல் ‘தற்போதைய நிலவரம்’ என்று பகிரப்பட்ட படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் விழும் என்று எழுதினால், மழையளவு என்பது செய்தியின் கடைசியில் கிடக்கும் வெறும் எண்ணாக இருக்காது. இப்படி வீட்டுக்கணக்கில் சொல்லும் வழக்கத்தை நாங்கள் வலைப்பதிவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

இணையம் எல்லோருக்கும் வாய் கொடுத்துவிட்டது என்று சொல்வதை மட்டும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கரையைக் கடக்கும்வரை நிமிடத்துக்கு நிமிடம் தகவல் இருந்தது. கடந்த பிறகு, செய்தி தொடங்க வேண்டிய நேரத்தில், தகவல் நின்றுபோனது. மின்கம்பங்களும் கைபேசிக் கோபுரங்களும் சாய்ந்திருந்தன. சென்னையில் இருந்தவர்கள் சமூக ஊடகத்தில் பெரிய புலம்பல் எதுவும் இல்லாததைப் பார்த்து, சேதம் அதிகமில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் பகுதிநேர நிருபர் ஒருவர் மரங்கள் கிடந்த சாலையில் மோட்டார் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று பேசினார். “அண்ணே, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பே இல்லண்ணே. படம் அனுப்ப நெட்டு இல்ல, நான் சொல்றேன், எழுதிக்குங்க.” இருபது வருடத் தென்னைகள் வேரோடு கிடப்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதிய செய்தி, பழைய முறையில் தொலைபேசியில் கேட்டு எழுதிய செய்தி.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் மறுபடி அதையே கண்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தொலைத்தொடர்பு அறுந்த அந்தக் கிராமங்களின் நிலை வெளியே தெரியத் தாமதமானது. சென்னையில் ஒரு சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பத்துக் கோணங்களில் காணொளி வருகிறது. தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமமே தீவாகிக் கிடந்தாலும் முதல் படம் வர ஒரு நாள் ஆகிறது. கைபேசியில் வந்து விழும் காணொளிகளின் எண்ணிக்கையைச் சேதத்தின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் ஊரிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் அங்கேதான் முதலில் ஆள் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும் கிராம நிர்வாக அலுவலர்கள், பால் சங்கம், ரயில் நிலையம், கோயில் அலுவலகம் ஆகியவற்றின் எண்களை, தரைவழித் தொலைபேசி இருந்தால் அதையும் சேர்த்து, காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறோம். கணினியில் வைத்திருந்தால் மின்சாரம் போன இரவில் அதைத் திறக்க முடியாது.

பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இணையப் பிரிவில் ஒவ்வொரு செய்தியையும் எத்தனை பேர் படித்தார்கள் என்பது அந்த நிமிடமே திரையில் தெரிகிறது. ‘நாளை விடுமுறையா?’ என்று கேள்விக்குறியோடு ஒரு தலைப்பு போட்டு, உள்ளே ‘இன்னும் அறிவிக்கப்படவில்லை’ என்று எழுதினால், ஏரி நீர்மட்டம் பற்றிய கவனமான கட்டுரையைவிடப் பல மடங்கு பேர் வந்து பார்க்கிறார்கள். பார்வைக் கணக்கை வைத்து ஊக்கத்தொகை தரும் இடங்களில் பகுதிநேர நிருபரும் மழையைக் கூட்டித்தான் சொல்வார். அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, அந்த முறையை வகுத்தவர்கள்மேல்தான் வருகிறது. இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. எங்களால் முடிந்தது இவ்வளவுதான்: விடுமுறைச் செய்தியை ஆட்சியரின் அறிவிப்பு வந்த பிறகு மட்டும் போடுகிறோம், நேரடிப் பக்கத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் மணியைக் குறிக்கிறோம், பழைய பதிவைத் திருத்தினால் என்ன திருத்தினோம் என்று அதன் கீழேயே எழுதுகிறோம், மழை ஓய்ந்த மறுநாள், வானிலைத் துறை சொன்னது, பதிவர்கள் சொன்னது, பெய்தது ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சிறு செய்தி போடுகிறோம். கடைசியாகச் சொன்னது வலைப்பதிவர்களின் பழக்கம். அதை வெளியிடத் தொடங்கியபோது பலருக்கு உவப்பில்லை. இப்போது மழைக்காலத்தில் வாசகர்களே கேட்டு எழுதுகிறார்கள்.

முந்தித் தருவதில் இனி எங்களுக்குப் பங்கு குறைவு. மழை பெய்யும்போதே தம் ஜன்னலிலிருந்து படம்பிடித்துப் போடுபவரை எந்த நிருபரும் முந்த முடியாது, முந்தவும் வேண்டியதில்லை. ஆனால் மழை நின்று ஒரு வாரம் ஆனதும் அந்த ஜன்னல்காரர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மழைநீர் வடிகாலுக்கு ஒப்பந்தம் விட்ட பகுதியில் ஏன் தண்ணீர் நின்றது, நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது என்று கேட்க ஆள் குறைந்துவிடுகிறது. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டபோது, அட்டை ஒரு முகவரியிலும் குடியிருப்பு வேறொரு முகவரியிலுமாக இருந்த வாடகை வீட்டுக்காரர்கள் எங்களுக்கு எழுதினார்கள். அவர்களை நேரில் சந்தித்து, படிவம் எங்கே கொடுத்தார்கள், என்ன பதில் வந்தது என்று கேட்டு எழுதிய செய்தி பெரிய அளவில் படிக்கப்படவில்லை. ஆயினும் அந்த வகைச் செய்திக்கென்று மழைக்குப் பிந்திய வாரங்களில் ஒரு நிருபரை ஒதுக்கி வைத்திருக்கிறோம்; அவருடைய பார்வைக் கணக்கை யாரும் கேட்பதில்லை என்று ஆசிரியரிடம் பேசி வாங்கியிருக்கிறோம். செப்டம்பர் மாதம் பிறந்ததும் முந்தைய ஆண்டு தண்ணீர் நின்றதாகப் பதிவர்களும் வாசகர்களும் தேதியோடு குறித்துவைத்த தெருக்களின் பட்டியலை எடுத்து, மழை தொடங்கும் முன்பே அந்தத் தெருக்களுக்கு அவரை அனுப்புகிறோம். வடிகால் மூடி திறந்து கிடக்கிறதா, தூர் வாரியது பக்கத்திலேயே குவிந்து கிடக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்து வருவார். அதை அக்டோபர் முதல் வாரத்தில், வார்டு எண்ணோடு வெளியிடுகிறோம்.